மஞ்சள் நீராடிய டயல்

கிள்ளானில் நான் ஏறிய கொம்யூட்டர் ரயில் பாடாங் ஜாவாவைத் தாண்டி வளைந்தபோது வெயில் நேராக என் இடது மணிக்கட்டில் விழுந்தது. கைக்கடிகாரத்தின் வெள்ளை டயலில், மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், ஒரு மஞ்சள் கறை. நாலு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற கறைதான். வீட்டு விளக்கில் லேசாகத் தெரிகிறது, ஆபீஸ் விளக்கில் தெரியவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிச் சமாளித்து வந்தேன். அந்த வெயிலில் சமாளிக்க முடியவில்லை. புதுச் சட்டையில் சாம்பார் சிந்தியது போல இருந்தது.

டயலையே மாற்றிவிட்டால் என்ன?

அப்படித் தோன்றியதற்கே என்னை நானே திட்டிக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கடிகாரத்தை நான் வாங்கியதே அந்த டயலுக்காகத்தான். சுவிட்சர்லாந்தில், நான் பிறந்த அதே வருடத்தில் செய்தது. இரண்டு வருடம் தேடினேன். சிங்கப்பூர்க்காரர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். அதற்காக மூன்று வருடம் எந்த ஊருக்கும் போகவில்லை, போனை மாற்றவில்லை. இப்போது அந்தக் கம்பெனி அந்த வெள்ளையில் டயல் செய்வதில்லை. இப்போது வருகிற வெள்ளை, ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை. என்னுடையது பால் காய்ச்சி இறக்கியதும் மேலே படிகிற ஆடையின் வெள்ளை. நான் ஷா ஆலமில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எனக்கு வெள்ளைகளில் முப்பது வகை தெரியும். அதனால் இந்த ஒப்பீட்டை நம்பலாம்.

கறை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கத்து அம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா. தீமிதிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் முடிந்து ஆறு மணிக்கு மேல் கரகம் வீதிக்குக் கிளம்ப வேண்டும். கோயில் சுவர்க் கடிகாரம் எப்போதும் ஏழு நிமிடம் முந்தி ஓடும். கோயில் கமிட்டித் தலைவருக்கு அதில்தான் நம்பிக்கை. பூசாரிக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. சுற்றிலும் எல்லார் கையிலும் போன் இருந்தது, ஆனால் எல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன. பூசாரி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"யாருமா சரியான டைம் வச்சிருக்கீங்க?"

என் அண்ணி, அண்ணனின் மனைவி, பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "இவகிட்ட கேளுங்க சாமி. கார் வாங்குற காசுல வாட்ச் வாங்கி வச்சிருக்கா. இன்னைக்காவது டைம் சொல்லட்டும்."

எனக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. சும்மா "ஆறாகப் போகிறது" என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தின் பக்கவாட்டுக் குமிழைத் திருகி வெளியே இழுத்து, விநாடி முள்ளை நிறுத்தி, விநாடி சுத்தமாக நேரம் வைத்தேன். கடைக்காரர்கள் அந்தக் குமிழைச் சாவி என்பார்கள். நேரம் வைத்த பிறகு அதை உள்ளே அழுத்தி, மறுபடியும் திருகி இறுக்க வேண்டும். இறுக்கினால்தான் தண்ணீர் புகாது. நான் அழுத்தினேன். அதற்குள் பூசாரி "சொல்லுமா, சொல்லு!" என்றார். "இருபது செகண்ட், பத்தொன்பது, பதினெட்டு" என்று ராக்கெட் விடுகிறவள் மாதிரி எண்ண ஆரம்பித்தேன். கூட்டமே சேர்ந்து எண்ணியது. ஆறு மணிக்கு மேளம் இடித்தது, கரகம் எழுந்தது. சாவியைத் திருக மறந்துபோனேன்.

கரகம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது அண்ணி வாளி நிறைய மஞ்சள் தண்ணீரோடும் வேப்பிலையோடும் காத்திருந்தாள். கரகம் எடுத்தவரின் காலில் பாதியை ஊற்றினாள். மீதியை, நாத்தனார் என்ற முறைக்கு, என் தலையில் கவிழ்த்தாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மணியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஆவி கட்டியிருந்தது, அடியில் மஞ்சளாக ஒரு சொட்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்து, "அடியே, ஒன் வாட்சுக்குச் சடங்கு சுத்தியாச்சுடி. அடுத்து மாப்பிள்ள பாக்கலாம்" என்றார்.

மறுநாளே லீவு போட்டு பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். அங்கே ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில், ஒரு கதவு அகலத்துக்கு, ஒரு கடிகாரக் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கலாம். எந்நேரமும் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பார், மறு கண்ணால் ஆளை எடை போடுவார். உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பிரித்து, உலர்த்தி, எண்ணெய் போட்டுக் காப்பாற்றிவிட்டார். டயலைத் தொடவில்லை. "தண்ணி வச்சுத் தொடச்சா எழுத்து வந்துரும் தங்கச்சி. ரெண்டு டயல நானே கெடுத்திருக்கேன். உங்களோடத மூணாவதா ஆக்க வேணாம்" என்றார்.

இதுதான் நாலு வாரக் கதை. இப்போது ரயிலில் வந்த எண்ணத்தோடு கே.எல். சென்ட்ரலில் இறங்கி, நேராக அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கறுப்புக் கையுறை போட்ட பெண் என் கடிகாரத்தைத் தட்டில் வைத்து, குழந்தையைப் பார்க்கிற டாக்டர் போலத் தலையாட்டினாள். டயலை மாற்றலாம், அழகாக இருக்கும் என்றாள். பழைய மாடல் டயல் கையிருப்பில் இல்லை, இப்போதைய டயல்தான் வரும். அடுத்து அவள் சொன்னதுதான் இடி. கழற்றிய பழைய டயலைத் திருப்பித் தர மாட்டார்கள். அது கம்பெனி விதி. சம்மதம் என்றால் படிவத்தில் கையெழுத்துப் போடலாம்.

கையெழுத்துப் போட்டால் என் வருடத்து டயல் போய்விடும், திரும்பி வராது. போடாவிட்டால் இந்தக் கறையோடு காலம் தள்ள வேண்டும். பேனா கையில் இருந்தது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

கடிகாரப் பைத்தியங்களின் குழு ஒன்று இணையத்தில் உண்டு, அதில் நானும் ஒருத்தி. படம் போட்டுக் கேட்டேன். பாதிப் பேர் மாற்று என்றார்கள். மீதிப் பேர், மாற்றாதே, அந்தக் கறையில் ஒரு கதை இருக்கிறது, கதைதான் அழகு என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கதை வேண்டுமென்றால் நான் வாயால் சொல்லிக்கொள்வேன். எனக்கு வேண்டியது என் வெள்ளை.

அண்ணி வேறு ஒரு பக்கம் பிடுங்கினாள். அவள் பூச்சோங்கில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சிரித்துக்கொண்டே ஊற்றியவள், நாலு வாரமாகச் சிரிக்கவில்லை.

"மாத்திரு. நான் கட்டுறேன். என் தலையில பாவத்த ஏத்தாத."

"அண்ணி, சாவிய மூடாதது நான்."

"ஊத்துனது நான் லா. தெருவே பாத்துச்சு. சாட்சி வேற இருக்கு, வீடியோ இருக்கு."

"அந்த டயல் திரும்பக் கிடைக்காது அண்ணி. அதான்."

"அப்ப மஞ்சளாவே கட்டிக்கிட்டுப் போ. கேக்குறவங்ககிட்ட இது கோல்டு மாடல்னு சொல்லு."

இப்படி ஒரு வாரம் போனது. படிவம் மேசைமேல் கிடந்தது. பேனாவைத் திறப்பேன், மூடுவேன். அடுத்த சனிக்கிழமை காலை, துணி காயப்போட பால்கனிக்குப் போனேன். பால்கனிக் கம்பியில் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. திருவிழா அன்று நான் தலை துவட்டிய துண்டு. அம்மா அதை அங்கே போட்டுவிட்டு மறந்தே போயிருந்தார். மேலே ஒரு தகரச் சாய்ப்பு உண்டு. துண்டின் ஒரு பாதி எப்போதும் அதன் நிழலில் இருக்கும், மறுபாதி காலை வெயிலில்.

நிழலில் இருந்த பாதி நல்ல மஞ்சள். வெயிலில் இருந்த பாதி வெள்ளை. நடுவே ரூலர் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு.

நான் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்கச் சிரித்தேன். அம்மா சமையலறையிலிருந்து, "என்னடி, என்னாச்சு?" என்று ஓடி வந்தார். துண்டை அவரிடம் நீட்டினேன். தொழிற்சாலையில் என் வேலையே இதுதான்! பெயிண்ட் பூசிய பலகையில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, விளக்குப் பெட்டியில் வைத்து, எந்த நிறம் எத்தனை மணி நேரத்தில் மங்குகிறது என்று பார்க்கிறேன். மஞ்சள் கிழங்கின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்று பல்கலைக்கழகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். ஐந்து வாரமாக மணிக்கட்டில் மஞ்சளைக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டு, அதை வெளிச்சத்தில் காட்டாமலே மறைத்து வைத்திருந்தவளும் நான்தான்.

"வெயில்ல போட்டா மஞ்ச போயிரும்னு ஒலகத்துக்கே தெரியும். இதுக்கா சிரிச்ச?" என்றார் அம்மா.

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா? துணின்னா சொல்லியிருப்பேன். வாட்ச யாரு துணி மாதிரி காயப் போடுவா?"

உடனே எடுத்து வெயிலில் வைத்துவிடவில்லை. அவசரத்தில் சாவியை மறந்தவள் நான். இந்த முறை முறைப்படி செய்வது என்று முடிவு. துணி வேறு, டயல் வேறு. அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, வெயிலில் அதுவே பழுப்பாகலாம். சூட்டில் வெடிக்கலாம். எழுத்து மங்கலாம். பிரிக்பீல்ட்ஸ் போய்க் கடைக்காரரிடம், தூக்கிப் போடுகிற நிலையில் உள்ள வெள்ளை டயல்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"எதுக்கு தங்கச்சி?"

"மஞ்சத் தண்ணி ஊத்தணும் அண்ணே."

லென்ஸைக் கழற்றிவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தார். "ஒண்ணு பத்தலயா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கடையே அதிரச் சிரித்தார். "வத்தல் காயப் போடுற மாதிரி டயல காயப் போடப் போறீங்க. இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒண்ணு கேள்விப்படல. ஓகே லா. கறை போச்சுன்னா மாட்டுற கூலி எனக்கு வேணாம். போகலன்னா எனக்குப் பத்து பேருக்கு பிரியாணி."

மூன்று செத்த டயல்களைக் கொடுத்தார். அண்ணி அதே கடை மஞ்சள் தூள், அதே வாளி, அதே வேப்பிலை என்று மிகச் சரியாகக் கலந்தாள். "வேப்பிலை எதுக்கு அண்ணி?" என்றால், "எக்ஸ்பெரிமெண்டுனா எல்லாம் அதே மாதிரி இருக்கணும். நான் டீச்சர்" என்றாள். மூன்றிலும் கறை பிடித்ததும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, ஒன்றை மதிய வெயிலில், ஒன்றைக் காலை வெயிலில் மட்டும், ஒன்றை அலமாரிக்குள் வைத்தேன்.

ஐந்தாம் நாள் முடிவு தெரிந்தது. அலமாரி டயல் அப்படியே மஞ்சள். மதிய வெயில் டயலில் மஞ்சள் போயிருந்தது, ஆனால் பூச்சு ஓரத்தில் முடி போல விரிசல். காலை வெயில் டயலில் மஞ்சள் போயிருந்தது, எழுத்து கறுப்பு மாறாமல் இருந்தது, பூச்சுக்கு ஒன்றும் இல்லை. காலை ஏழரை முதல் பத்து வரை. அதுதான் வழி.

அந்த வாரமே கடைக்காரர் என் டயலைக் கழற்றி, கண்ணாடி மூடி போட்ட சிறிய பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ரயிலில் அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கிள்ளான் வந்தேன். முட்டை அடைகாக்கிற கோழியே தோற்றுவிடும். வீட்டில் அலுமினியத் தாளில் கறையின் அதே வடிவத்துக்கு ஒரு ஓட்டை வெட்டி, டயலின்மேல் படுக்க வைத்தேன். கறை மட்டும் வெயில் பார்க்கட்டும், மற்ற இடம் தூங்கட்டும்.

பள்ளி விடுமுறை. அண்ணி காவல். நான் வேலைக்குப் போனதும், பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு பிரம்போடு, மைனாக்களை விரட்டுவாள். பக்கத்திலேயே அம்மா வடகம் காயப்போட்டிருந்ததால் மைனாக்களுக்கு அந்தப் பக்கம் நிரந்தர வேலை. பத்து மணிக்கு டயலை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, ஷா ஆலமில் இருக்கும் எனக்குப் படம் அனுப்புவாள். முதல் நாள்: "அப்படியே இருக்கு." இரண்டாம் நாள்: "எனக்கு கண்ணு சரியில்லையா, லைட்டா கொறஞ்சிருக்கா?" மூன்றாம் நாள் மழை. நாலாம் நாள் படத்தோடு வெறும் ஆச்சரியக்குறிகள்.

ஆறாம் நாள் மாலை நான் தாளை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் அநேகமாகப் போயிருந்தது. ஆனால் வெயில் பட்ட இடம் மற்ற இடத்தைவிட ஒரு துளி அதிக வெள்ளையாகத் தெரிந்தது. இத்தனை வருடங்களில் டயல் முழுக்க லேசாக ஏறியிருந்த பழுப்பும் அங்கே சேர்ந்து வெளுத்திருந்தது. மஞ்சள் கறை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக் கறை!

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் அண்ணி.

"ஓவரா வெளுத்துருச்சு அண்ணி."

அவள் பெட்டியை வாங்கி, கிட்டே, தூரத்தில் என்று வைத்துப் பார்த்தாள். "ஓரம்தான் தெரியுது. நடுவுல இல்ல. ஓரத்த மட்டும் கலச்சு விட முடியாதா? பிள்ளைங்க கலர் பென்சில்ல அடிக்கும்போது கோட்டத் தேச்சு விடச் சொல்வேன்."

அவள் சொல்லி முடிக்கும்போதே எனக்குப் பிடிபட்டது. பெயிண்ட்டில் ஒட்டுப் போட்டால் ஓரத்தை மெல்ல மெல்லக் கரைப்போம், வெட்டிய கோடாக விடமாட்டோம். அலுமினியத் தாளை எறிந்தேன். அதற்குப் பதிலாக, வெளிச்சத்தைப் பாதி மட்டும் விடுகிற வெண்ணெய்த் தாளை, ஒன்றைவிட ஒன்று பெரிய ஓட்டையோடு, நாலு அடுக்காக வெட்டினேன். வெளுத்த நடுவில் ஒரு சின்ன அலுமினியப் பொட்டு. ஓரத்தில் நிறைய வெளிச்சம், அதைத் தாண்டித் தாண்டிக் குறைச்சல். ஒரு காலை அப்படி. மறு காலை, எல்லாத் தாளையும் எடுத்துவிட்டு, முழு டயலையும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். அன்று லீவு போட்டேன். அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் பால்கனியில் நின்று, கல்யாண வீட்டில் பாயசம் கொதிப்பதைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பது மணிக்கு அண்ணி கேட்டாள். "எங்கடி இருந்துச்சு கறை?"

நான் சுட்டிக்காட்ட விரலை நீட்டினேன். எனக்கே இடம் தெரியவில்லை.

அன்று மத்தியானமே பிரிக்பீல்ட்ஸ். அண்ணியும் வந்தாள், தன் வழக்கின் தீர்ப்பைக் கேட்க வருகிறவள் போல. கடைக்காரர் டயலை லென்ஸுக்கு அடியில் வைத்தார். திருப்பினார். விளக்கைச் சாய்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"மூணுக்குப் பக்கத்துலயா, அஞ்சுக்குப் பக்கத்துலயா?" என்றார்.

"நீங்க சொல்லுங்க அண்ணே."

இன்னும் ஒரு நிமிடம் பார்த்தார். லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிரியாணி போச்சு."

அண்ணி அந்தச் சின்னக் கடையில் கைதட்டினாள். பக்கத்துப் பூக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். கடைக்காரர் டயலைப் பொருத்தி, முட்களை ஒவ்வொன்றாக இறக்கி, மூடி, தண்ணீர் புகுகிறதா என்று இயந்திரத்தில் வைத்துச் சோதித்து, என் கையில் கொடுத்தார். சாவியை நான் திருகி இறுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஒரு முறை இறுக்கினேன்.

வெள்ளை. பாலாடை வெள்ளை. என் வருடத்து வெள்ளை. சர்வீஸ் சென்டர் படிவத்தை அங்கேயே கிழித்து அவருடைய குப்பைக்கூடையில் போட்டேன். குழுவில் படத்தைப் போட்டு, எந்த வழியும் சொல்லாமல், "மாற்றவில்லை" என்று மட்டும் எழுதினேன். பத்து நிமிடத்தில் பொய் சொல்கிறாய் என்று ஏழு பேர் வந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

கிளம்பும்போது கடைக்காரர், "கொஞ்சம் இருங்க" என்று இழுப்பறையைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய வெள்ளி நிற டயல். பன்னிரண்டு மணிக்குக் கீழே சிவப்பாக ஒரு தீற்றல். சாலாக் செலாத்தானில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருடையது. அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளையாக இருந்தபோது கடிகாரக் கண்ணாடி விரிசல் விட்டு உள்ளே போன குங்குமமாம். அவர் மனைவி அதை மாற்றவும் விடவில்லை, அப்படியே விடவும் விடவில்லை.

"இதுவும் வெயில்ல போகுமா?"

தெரியவில்லை என்று சொன்னேன். மஞ்சளில் செய்த குங்குமமாக இருந்தால் மங்கலாம். கடையில் விற்கிற சாயப் பொடியாக இருந்தால் லேசில் அசையாது. வெள்ளி நிறப் பூச்சு வெயிலை எப்படித் தாங்கும் என்பதும் தெரியாது. முதலில் அந்தத் தம்பதியிடம் எந்தக் கடைக் குங்குமம் என்று கேட்க வேண்டும். பிறகு கிள்ளான் பூசைச் சாமான் கடைகளில் நாலு வகை வாங்கி, நாலு செத்த டயல்களில் தடவி, பாதியை மூடி வைக்க வேண்டும்.

"வெள்ளியில செத்த டயல் நாலு இருக்குமா அண்ணே?" என்று கேட்டேன். அவர் ஏற்கெனவே தேட ஆரம்பித்திருந்தார்.